பச்சைக்கறியும் கேப்பைக்கூழும்

(சங்கரன்கோவிலில் நாய், பூனை வளர்ப்போர் கூடிய கூட்டமொன்றில் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு, செல்லப் பிராணிகளுக்குச் சமச்சீரான பச்சை உணவு. கீரை, காய்கறி பற்றிப் பேசுவார் என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும். நான் பேசப்போவது வேகவைக்காத கறி, எலும்பு, ஈரல் பற்றி. கோயில் சன்னதிப் பக்கமிருந்து வந்திருக்கிற சைவ வீட்டார் சிலர் முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. உங்கள் வீட்டுத் தயிர்சாத நாய்க்கும் கடைசியில் ஒரு வார்த்தை வைத்திருக்கிறேன், எழுந்து போய்விடாதீர்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இப்படியொரு கேள்வியோடு யாரும் வந்ததில்லை. நாய்க்கு என்ன போடுவது என்பதெல்லாம் அன்றைக்கு ஒரு கேள்வியே கிடையாது. வீட்டில் என்ன மிச்சமோ அது. இப்போது தறி ஓடுகிற வீட்டிலும் லாப்ரடார் நிற்கிறது, மாடி வீட்டில் பாரசீகப் பூனை படுத்திருக்கிறது. கையில் போன் இருக்கிறது. எங்கோ ஒரு வெளிநாட்டு நாய் முழுக்கோழியை எலும்போடு நொறுக்கித் தின்பதை ராத்திரி படுக்கையில் பார்த்துவிட்டு, காலையில் வந்து கேட்கிறார்கள்: "சார், வேகவைக்காமப் போட்டாத்தான் சத்தாம்லா. காட்டுல எந்த ஓநாய் அடுப்புப் பத்த வச்சுச்சு?"

கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. இதைப் பெரிய அளவில் கிளப்பிவிட்டவர் ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயான் பில்லிங்ஹர்ஸ்ட். 1993-ல் அவர் எழுதிய புத்தகம், நாய்க்கு எலும்பைக் கொடு என்று தலைப்பிலேயே சொன்னது. மூட்டையில் வருகிற உருண்டைத் தீனி நேற்று வந்தது, நாயின் குடல் பல்லாயிரம் ஆண்டுப் பழசு, ஆகவே பச்சைக்கறியும் பச்சை எலும்பும்தான் அதற்குப் பொருந்தும் என்பது அவர் வாதம். முதல் பாதி உண்மை. ஜேம்ஸ் ஸ்பிராட் என்பவர் இங்கிலாந்தில் நாய் பிஸ்கட் விற்கத் தொடங்கியதே 1860-களில்தான். அதற்கு முன்னால் உலகத்தில் எந்த நாயும் மூட்டைத் தீனி தின்றதில்லை.

ஆனால் நாயை ஓநாய் என்று எடுத்துக்கொள்வதில்தான் இடறுகிறது. 2013-ல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓநாயின் மரபணுவையும் நாயின் மரபணுவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மாவுச்சத்தைச் செரிக்கிற அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு படிகள் இருக்கிறது. நாயிடம் நான்கிலிருந்து முப்பது படிகள் வரை. மனிதன் உழுது விதைத்து அறுத்ததை அவன் வாசலில் கிடந்து தின்றுதின்றே நாயின் குடல் மாறிவிட்டது. சோறும் கூழும் நாய்க்கு விரோதம் என்று யாராவது சொன்னால், அவர் பேசுவது ஓநாயைப் பற்றி. பூனை கதை வேறு, அதற்கு அப்புறம் வருகிறேன்.

இதைச் சொல்ல சுவீடன் வரை போயிருக்கவும் வேண்டாம். நாம் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு வடக்கே ராஜபாளையம், வடகிழக்கே சிப்பிப்பாறை. இந்தியாவின் பேர்பெற்ற நாய் இனங்கள் இரண்டு நம் வாசலில் பிறந்தவை. கன்னி நாயையும் சேர்த்தால் மூன்று. 2005 ஜனவரியில் அஞ்சல்துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ஒன்று ராஜபாளையம். கர்னாலில் இருக்கிற தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் முறையாகப் பதிந்து வைத்திருக்கிறது. முயல் விரட்டிப் பிடித்த நாய்கள் இவை. வயிறு ஒட்டி, நெஞ்சு ஆழ்ந்து, வாலைச் சாட்டை மாதிரி வைத்துக்கொண்டு நிற்கும். இந்த உடம்பை எதைக் கொடுத்து வளர்த்தார்கள்? கேப்பைக்கூழ், சோளக்கூழ், கம்பங்கூழ், கொஞ்சம் மோர். கறி என்பது வேட்டை வாய்த்த நாளில், நல்ல நாள் பெரிய நாளில். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டை நின்ற பிறகு அதுவும் போனது.

இந்தக் கூழில் ஒரு கணக்கு இருக்கிறது. அதில் சற்று நேரம் நிற்க எனக்கு ஆசை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எலும்பில்லாத தனிக்கறி 100 கிராம் எடுத்தால் அதில் கால்சியம் 10 மில்லிகிராம் அளவுதான் இருக்கும். பாஸ்பரஸ் 200-ஐ ஒட்டி இருக்கும். ஒன்றுக்கு இருபது. உடம்புக்கு வேண்டியதோ ஒன்றுக்கு ஒன்று. கால்சியம் கொஞ்சம் கூடவே இருக்கலாம், இரண்டுக்கு ஒன்று வரைக்கும். இப்போது கேப்பையைப் பாருங்கள். 100 கிராம் கேப்பையில் கால்சியம் ஏறத்தாழ 340 மில்லிகிராம், பாஸ்பரஸ் 280. தானியங்களில் கால்சியம் பாஸ்பரஸை முந்துகிற தானியம் இதுதான். கம்பில் 42, சோளத்தில் 25, அவ்வளவுதான். கேப்பை மாவு 200 கிராம் கூழாகக் காய்ச்சிக் குடித்த நாய்க்கு 700 மில்லிகிராம் கால்சியம் போயிருக்கும். 25 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு வேண்டியது ஒரு கிராமுக்குச் சற்று மேல். மோரும் எப்போதாவது கிடைக்கிற எலும்பும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. தானியத்தில் ஃபைட்டேட் என்று ஒன்று இருக்கிறது, அது கால்சியத்தையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. கூழை ராத்திரி முழுக்கப் புளிக்கவைக்கும்போது அந்தப் பிடி கொஞ்சம் தளரும். கரிசல்காட்டு சம்சாரி கால்சியம் என்ற பேரைக் கேட்டிருக்க மாட்டார். அவர் நாயின் கால் நேராக இருந்தது.

கூழ் பூரண உணவு என்று நான் சொல்லவில்லை. கூழே கதி என்று கிடந்த நாய்களுக்கு முடி கொட்டி, கண்ணைச் சுற்றியும் வாயைச் சுற்றியும் செதில் தட்டி வந்ததைப் பார்த்திருக்கிறேன். துத்தநாகக் குறை. புரதமும் போதாது. குட்டி போட்ட தாய்க்கும் வளர்கிற குட்டிக்கும் கூழ் மட்டும் வைத்தால் அது பட்டினிக்கு அடுத்த வீடுதான்.

இதற்கு நேர் எதிரான கேஸ் ஒன்றைச் சொல்கிறேன். ஜெர்மன் ஷெப்பர்டு குட்டி, நாலு மாதம் இருக்கும். கொண்டுவந்தவர் வசதியுள்ளவர், நாய்மேல் உயிர். குட்டியை இறக்கிவிட்டதும் அது நிற்கவில்லை. முன்னங்கால் இரண்டும் வெளிப்பக்கமாக வில் மாதிரி வளைந்து, பாதத்தை ஊன்றாமல் மணிக்கட்டையே தரையில் வைத்து நடந்தது. தூக்கினால் வீல் என்று கத்தியது. எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பு வெள்ளையாக விழ வேண்டிய இடத்தில் நிழல் மாதிரி சாம்பலாக விழுந்திருந்தது. தொடை எலும்பில் ஒரு மடிப்பு. விழாமல், அடிபடாமல் தானாக ஒடிந்தது. "என்ன போடுறீங்க?" என்றேன். "ஒரு குறையும் வைக்கல சார். தினம் அரைக்கிலோ தனிக்கறி. சோறே கண்ணுல காட்டுறதில்ல. வெளிநாட்டு முறை" என்றார். முகத்தில் பெருமை.

நடந்தது இதுதான். கறியில் கால்சியம் இல்லை. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயம் நிற்கும், வலிப்பு வரும். ஆகவே உடம்பு அதை விடாது. கழுத்தில் இருக்கிற பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்துக்குத் தரும். நாள்தோறும் உருவும். ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாகத் தெரியும், எலும்பு மட்டும் காகிதமாகிக் கொண்டிருக்கும். அந்தக் குட்டிக்குக் கறியைப் பாதியாகக் குறைத்து, சோறும் முட்டையும் சேர்த்து, கால்சியம் கார்பனேட் அளந்து கொடுத்து, ஓடாமல் ஆடாமல் கூண்டில் வைத்தோம். சில வாரங்களில் எழுந்து நடந்தது. வளைந்த கால் முழுக்க நேராகவில்லை.

பச்சை உணவுக்காரர்கள் இதற்குப் பதில் வைத்திருக்கிறார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் சூத்திரம் எண்பது, பத்து, பத்து. நூறில் எண்பது பங்கு கறி, பத்துப் பங்கு தின்னக்கூடிய எலும்பு, பத்துப் பங்கு உள்ளுறுப்பு; அந்த உள்ளுறுப்பில் பாதி ஈரல், மிச்சம் குண்டிக்காய், சுவரொட்டி மாதிரி. வளர்ந்த நாய்க்கு அதன் எடையில் நூற்றுக்கு இரண்டு முதல் மூன்று பங்கு. 25 கிலோ ராஜபாளையத்துக்குக் கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 600 கிராம் சொச்சம்; அதில் எலும்பு 60, ஈரல் 30. எலும்பு சேர்ந்துவிட்டதால் கால்சியம் கணக்கு பெரும்பாலும் சரியாகிவிடும். இந்த மட்டில் அவர்களுக்குப் பாராட்டு. ஆனாலும் துத்தநாகம், மாங்கனீஸ், அயோடின், வைட்டமின் இ, வைட்டமின் டி இவற்றில் துண்டு விழும். ஈரல் நல்லதாயிற்றே என்று அள்ளிப் போட்டால் வைட்டமின் ஏ மிஞ்சும். மாதக்கணக்கில் ஈரலே தின்ற பூனைக்குக் கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், தலையைத் திருப்ப முடியாமல் நிற்கும்.

வேகவைத்துக் கொடுப்பவர்கள் சிரிக்க வேண்டாம். கலிபோர்னியாவின் டேவிஸ் கால்நடைக் கல்லூரியில் 2013-ல், வீட்டில் நாய்க்குச் சமைக்கும் குறிப்புகள் 200 எடுத்து ஆராய்ந்தார்கள். புத்தகத்தில் வந்தவை, கால்நடை மருத்துவர்கள் எழுதியவையும் அதில் உண்டு. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தில் ஏதாவது ஒரு சத்தாவது குறைந்திருந்தது. ஆகவே பச்சையா, வெந்ததா என்று மோதிக்கொள்வது இரண்டாவது வேலை. கால்சியம் எங்கிருந்து வருகிறது, துத்தநாகம் எங்கிருந்து வருகிறது என்று தட்டைப் பார்த்துக் கேட்பது முதல் வேலை. சமச்சீர் என்ற சொல்லை விட்டுவிட்டுப் பச்சை என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டால் அந்த ஷெப்பர்டு குட்டி கதைதான்.

பூனைக்கு வருகிறேன். பூனை சுத்த அசைவம். நம் வீட்டில் பால்சோறு தின்கிறதே என்று கேட்கலாம். மிச்சத்துக்கு எலியும் பல்லியும் பிடித்துக்கொள்கிறது, நாம் பார்ப்பதில்லை. வீட்டைவிட்டு இறங்காத பாரசீகப் பூனைக்கு அந்த வசதி கிடையாது. டாரின் என்று ஒரு சத்து, நாய் தன் உடம்பிலேயே பெரும்பாலும் செய்துகொள்ளும், பூனையால் வேண்டிய அளவு செய்ய முடியாது. கறியிலிருந்துதான் வர வேண்டும். குறைந்தால் பார்வை மங்கும், இதயம் ஊதிப் பலவீனமாகும். 1987-ல்தான் அமெரிக்காவில் இதயநோயால் செத்துக்கொண்டிருந்த பூனைகளுக்கு டாரின் கொடுத்துப் பிழைக்கவைத்து இதை நிரூபித்தார்கள். அந்தப் பூனைகள் தின்றது பேர்பெற்ற கம்பெனிகளின் தீனி. அதன் பிறகுதான் கம்பெனிகள் தீனியில் டாரினைக் கூட்டின.

பச்சை உணவுக் கட்சிக்காரர்கள் எப்போதும் காட்டுகிற ஆதாரம் ஒன்று உண்டு. கலிபோர்னியாவில் பாட்டஞ்சர் என்ற மருத்துவர் 1932 முதல் 1942 வரை 900 பூனைகள் அளவில் வைத்துச் செய்த சோதனை. பச்சைக்கறி தின்றவை தலைமுறை தலைமுறையாக நன்றாக இருந்தன, வெந்த கறி தின்றவை நலிந்தன. உண்மைதான், நடந்தது. ஆனால் பூனைக்கு டாரின் வேண்டும் என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. கறியை வேகவைத்தால் டாரின் நிறையத் தண்ணீரில் இறங்கிவிடும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் சத்தையும் கொட்டியாயிற்று. நம் வீடுகளில் கோழியை வேகவைத்து, தண்ணீரை வடித்து ஊற்றிவிட்டு, வெள்ளை நெஞ்சுக்கறியைப் பிய்த்துப் பூனைக்குப் போடுகிற அக்காமார் கவனிக்க வேண்டும். வெந்த தண்ணீரைக் கறியோடு சேர்த்து ஊற்றுங்கள். நெஞ்சுக்கறியைவிடக் கால்கறியிலும் இதயத்திலும் டாரின் அதிகம். கோழி இதயம் கடையில் மலிவாகவே கிடைக்கும். மீனைப் பொறுத்தவரை எதிர்க்கணக்கு. சில மீன்களில் வைட்டமின் பி1-ஐ அழிக்கிற நொதி உண்டு, வேகவைத்தால் அந்த நொதி செத்துவிடும். தினம் பச்சை மீனே தின்ற பூனை தலை தொங்கி, தள்ளாடி, வலிப்பு வந்து கிடக்கும்.

இனி கிருமி. பச்சை உணவில் எனக்குள்ள உண்மையான சண்டை இங்கேதான்.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010 முதல் 2012 வரை கடையில் விற்ற பச்சைத் தீனி மாதிரிகள் 196 எடுத்துச் சோதித்தது. பதினைந்தில் சால்மோனெல்லா, முப்பத்திரண்டில் லிஸ்டீரியா. குளிர்சாதனச் சங்கிலி அறுபடாத நாட்டில் இந்த நிலை. நாய் இதைத் தின்றுவிட்டுப் பெரும்பாலும் சும்மா இருக்கும், அதன் வயிற்று அமிலம் அப்படி. ஆனால் அதன் வாயிலும் மலத்திலும் கிருமி வெளியே வரும். அந்த வாயால்தான் அது உங்கள் பேரப்பிள்ளையின் முகத்தை நக்குகிறது. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012-லிருந்து பச்சைக்கறி வேண்டாம் என்று சொல்லிவருவது நாயை நினைத்து மட்டுமல்ல, வீட்டாரையும் நினைத்துத்தான். நம் ஊரில் விடிகாலை அறுத்த ஆடு பதினொரு மணிக்கும் கொக்கியில் தொங்குகிறது. மேலே வெயில், சுற்றிலும் ஈ. நாம் அதைக் கழுவி, மஞ்சள் போட்டு, குக்கரில் நாலு விசில் விடுகிறோம். அதனால் தப்பிக்கிறோம். நாய்க்கு அந்த விசில் இல்லாமல் கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி.

பிரீசரில் வைத்துக் கொடுக்கிறேன் என்பவர்கள் உண்டு. மைனஸ் இருபது டிகிரியில் நாட்கணக்கில் வைத்தால் சில ஒட்டுண்ணிகள் சாகும். பாக்டீரியாவும் வைரஸும் தூங்கும், எடுத்து வெளியே வைத்தால் எழுந்திருக்கும். 2024 டிசம்பரில் நாக்பூர் கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் பறவைக் காய்ச்சலில் செத்தன. தீனியாகப் போன கோழிக்கறிமேல்தான் முதல் சந்தேகம் விழுந்தது. அதே மாதம் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், உறையவைத்து விற்ற பச்சை வான்கோழித் தீனியைத் தின்ற வீட்டுப் பூனை அதே வைரஸில் செத்தது. தீனியில் இருந்த வைரஸும் பூனையில் இருந்த வைரஸும் ஒன்றே என்று மரபணுவைப் பார்த்துச் சொன்னார்கள். பூனை இனத்துக்குப் பறவைக் காய்ச்சல் வந்தால் பிழைப்பது அரிது. பூனைக்குப் பச்சைக்கோழி வேண்டவே வேண்டாம், இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

இதைவிட நம் பக்கத்துக்கு நெருக்கமான ஆபத்து ஒன்று இருக்கிறது. கறிக்கடையில் ஈரலை, நுரையீரலை அறுக்கும்போது சிலதில் வெள்ளையாக, எலுமிச்சை அளவில், தொட்டால் தண்ணீர் நிறைந்த பந்து போல ஒரு கட்டி இருக்கும். கத்தி பட்டால் தெளிந்த தண்ணீர் பீச்சும், அடியில் மணல் மாதிரி நுண்ணிய பொடி இருக்கும். நீர்க்கட்டி என்பார்கள். வாடிக்கையாளர் அதை வாங்க மாட்டார். என்ன செய்வார்கள்? வாசலில் நிற்கிற நாய்க்கு எறிவார்கள். அந்த மணலின் ஒவ்வொரு துகளும் ஒரு நாடாப்புழுவின் தலை. எக்கினோகாக்கஸ் என்று பேர். நாயின் குடலில் ஒட்டிக்கொண்டு ஆறேழு வாரத்தில் வளர்ந்துவிடும். வளர்ந்த புழு ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. ஒரு நாயில் ஆயிரக்கணக்கில் இருக்கும், நாய் வாடாது, மெலியாது, ஓர் அறிகுறியும் காட்டாது. முட்டை மலத்தில் வந்து மண்ணிலும் நாயின் முடியிலும் ஒட்டும். நாயைத் தடவிய கையைக் கழுவாமல் பிள்ளை வாயில் வைத்தால் முட்டை உள்ளே போகும். ஆட்டுக்கு வந்த அதே நீர்க்கட்டி மனிதனுக்கு ஈரலிலோ நுரையீரலிலோ வரும். வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் வளரும், பெரும்பாலும் அறுவைசிகிச்சை செய்துதான் எடுக்க வேண்டும், உள்ளேயே உடைந்தால் உயிருக்கே மோசம். இந்தியாவில் இந்த நோய் கூடுதலாகக் காணப்படும் பகுதிகளில் தமிழ்நாடும் ஆந்திரமும் உண்டு.

ஆட்டு ஈரலைப் பச்சையாகப் போடுகிற ஒவ்வொரு வீட்டுக்கும் இது பொருந்தும். கட்டி சின்னதாக இருந்தால் மேலே தெரியாது, உள்ளே பொதிந்திருக்கும். வேகவைத்தால் தீர்ந்தது. வழக்கமாகக் கொடுக்கிற பூச்சி மருந்து எல்லாம் இந்தப் புழுவைக் கொல்லாது. பிராசிகுவான்டெல் கலந்ததாகக் கேட்டு வாங்க வேண்டும். பச்சைக் கறிக்கழிவு தின்ன வாய்ப்புள்ள நாய்க்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை.

ஒரு பயத்தை மட்டும் போக்கிவிடுகிறேன். பச்சைக்கறி தின்றால் நாய்க்கு ரத்த ருசி பிடித்து ஆளைக் கடிக்கும், வெறி பிடிக்கும் என்பார்கள். வெறிநோய் வைரஸ், வெறிபிடித்த மிருகம் கடித்துத்தான் பெரும்பாலும் வரும். தடுப்பூசி போட்ட நாய் எதைத் தின்றாலும் அதற்கு வெறி வராது. பச்சைக்கறியை நான் மறுப்பது இந்தக் காரணத்துக்காக அல்ல. பச்சை தின்கிற நாயின் மலம் குறைவாக, இறுகலாக இருக்கும், விரும்பித் தின்னும், பல்லில் காரை குறையும் என்று பச்சை உணவுக்காரர்கள் சொல்வதும் பெரும்பாலும் சரியே. எலும்பைக் கடித்துப் பல் உடைவதையும், குடல் அடைத்து வயிற்றைக் கிழிக்க வேண்டிவருவதையும் அவர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

வெந்த எலும்பு அதைவிட மோசம். நம் ஊர் பிரியாணிக்குப் பேர்போன ஊர். ஞாயிற்றுக்கிழமை இலையிலிருந்து எலும்பை எல்லாம் வழித்து நாய்க்குப் போடுகிறோம். வெந்த எலும்பு கண்ணாடி மாதிரி கூராக உடையும், தொண்டையில் குத்தும், குடலைக் கிழிக்கும். கூடவே போகிற வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். திங்கட்கிழமை காலையில் மருத்துவமனைக்கு வருகிற நாய்களின் வாயைத் திறக்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும்.

அப்படியானால் என்னதான் போடுவது? 25 கிலோ நாய் ஒன்றுக்கு நான் சொல்கிற ஒரு நாள் கணக்கு இது. கேப்பை மாவு 150 கிராம், முந்தின ராத்திரி கரைத்துப் புளிக்கவிட்டுக் காலையில் கூழாகக் காய்ச்சியது. கோழிக்கறி தோலோடு, எலும்பு நீக்கி 300 கிராம். ஈரல் ஒரு சின்னத் துண்டு, 30 கிராமுக்கு மேல் வேண்டாம். ஒரு முட்டை. கொஞ்சம் பூசணியோ கேரட்டோ. ஒரு டீஸ்பூன் எண்ணெய். ஒரு சிட்டிகை அயோடின் உப்பு. எல்லாம் வேகவைத்தது, வெங்காயம் பூண்டு இல்லாமல், வெந்த தண்ணீரோடு. மேலே முட்டை ஓட்டுப் பொடி அரை டீஸ்பூன். ஓட்டைக் கழுவி, வாணலியில் வறுத்து, மிக்சியில் மாவாக அரைத்து டப்பாவில் வைத்துக்கொள்ளலாம். அரை டீஸ்பூனில் கால்சியம் ஒரு கிராம் அளவுக்கு இருக்கும். கேப்பையும் ஓடும் சேர்ந்து கறியின் பாஸ்பரஸைச் சரிக்கட்டிவிடும். வாரம் ஒரு நாள் கறிக்குப் பதில் முள் நீக்கிய வெந்த மீன். துத்தநாகமும் வைட்டமின் இ-யும் இதிலும் பற்றாது. உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். குட்டிக்கு இந்தக் கணக்கு ஆகாது, குட்டியை எடை போட்டுத் தனியாகப் போட வேண்டும். கம்பெனிக் குட்டித் தீனி போட்டுக்கொண்டே கால்சியம் டானிக்கும் ஊற்றுகிறவர்கள் டானிக்கை நிறுத்துங்கள். பெரிய இனக் குட்டிக்குக் கால்சியம் மிஞ்சினாலும் எலும்பு கோணும்.

பூனைக்கு வீட்டுச் சமையல் கணக்கு நாயைவிடக் கடினம். முழு உணவு என்று அச்சிட்ட கம்பெனித் தீனியைப் பாதியாவது வைத்துவிட்டு, மிச்சத்துக்கு வெந்த கோழிக்காலும் இதயமும் கொடுங்கள்.

தயிர்சாத நாய்க்கு வருகிறேன். நாய் சைவத்தில் பிழைக்கும். ஆனால் வெறும் தயிர்சாதத்தில் புரதம் காணாது. முட்டை ஆகாது என்றால் வேகவைத்த பருப்பு, பனீர், சோயா, கூடவே மருத்துவர் எழுதுகிற சத்துக்கலவை, இத்தனையும் வேண்டும். சைவ வீட்டார் பூனை வாங்காதீர்கள். வாங்கினால் அதற்கு வேண்டிய கறியைக் கொடுக்க மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பச்சைதான் போடுவேன் என்பவரைத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. வீட்டில் கைக்குழந்தை, கர்ப்பிணி, புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர், முதியவர் யாராவது இருந்தால் மட்டும் தயவுசெய்து வேண்டாம். திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குட்டியின் காலில் சின்ன வளைவு தெரிந்தாலும் அங்கே கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

கடைசியாக, இங்கே வந்திருக்கிற கறிக்கடை அண்ணாச்சிமாருக்கு ஒரு வேண்டுகோள். நீர்க்கட்டி கண்ட ஈரலையும் நுரையீரலையும் நாய்க்கு எறியாதீர்கள், குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். மூன்றடிக்குக் குறையாமல் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூடுங்கள், முடிந்தால் எரித்துவிடுங்கள். அதற்குப் பணம் காசு தேவையில்லை, ஒரு மண்வெட்டி போதும்.